திமிங்கில எலும்பையும் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆர்க்டிக் பனி பற்றிய உங்கள் கட்டுரையை என் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு வரி மட்டும் உறுத்தியது. 1979-க்கு முன், அதாவது செயற்கைக்கோள் பதிவுக்கு முன், அங்கே பனி எப்படி இருந்தது என்று அறிய வழியே இல்லை என்கிறீர்கள். வழி இருக்கிறது.

கனடாவின் வடகோடித் தீவுகளில், கடலை விட்டுத் தள்ளி, மேட்டுச் சரளையில் போஹெட் திமிங்கிலங்களின் மண்டையோடுகள் கிடக்கின்றன. அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போயின என்று தோன்றும். பனியுகத்தில் நிலத்தை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளம் உருகியதும், பாரம் இறங்கிய தரை மெல்ல மேலெழுந்தது. பழைய கடற்கரைகள் இன்று படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கின்றன. மேல்படிக்குப் போகப் போக எலும்பின் வயதும் கூடும். சுற்றிலும் வெறும் கல்தான். எலும்பை ஒட்டி மட்டும் பச்சைப் பாசி. செத்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் அது உரமாகிக்கொண்டிருக்கிறது!

போஹெட் பனி விளிம்பை ஒட்டி வாழ்வது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும் என்பதால், கோடையிலும் பனி விலகாத நீரிணைக்குள் அது நுழையாது. எலும்புகள் நிறைய ஒதுங்கிய கரை என்றால், அந்தக் காலத்துக் கோடையில் அங்கே கடல் திறந்திருந்தது என்று பொருள். இன்யூட் மக்களின் முன்னோரான தூலே மக்கள் வேட்டையாடி, வீடு கட்டத் தூக்கிவந்த எலும்புகளைத்தான் கவனமாகப் பிரித்துவிட வேண்டும். ஆர்தர் டைக், ஜேம்ஸ் ஹூப்பர், ஜேம்ஸ் சவெல் மூவரும் நூற்றுக்கணக்கான எலும்புகளின் கரிமக் காலக்கணிப்பை வைத்து 1996-ல் இந்த வரலாற்றை எழுதினார்கள். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பசிபிக் பக்கத்துத் திமிங்கிலங்களும் அட்லாண்டிக் பக்கத்தவையும் சந்திக்கும் அளவுக்கு வழி திறந்திருந்தது. அப்புறம் மூடியது, மறுபடி ஓரளவு திறந்தது, கடந்த சுமார் 3,000 ஆண்டுகளாகப் பெரும்பாலும் அடைத்தே கிடந்தது.

“சரி, அப்போதே பனி குறைந்திருக்கிறதே, இப்போது மட்டும் என்ன பதற்றம்?” என்று சிலர் கேட்பார்கள். அன்று பூமியின் சாய்வும் சுற்றுப்பாதையும் வடக்கின் கோடைக்கு இன்றைவிட அதிக வெயிலைக் கொடுத்தன. அந்த வெயில் இப்போது இல்லை. அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பனி பெருக வேண்டும். ஆனால் 2010 செப்டம்பரில், கருவி பொருத்திய இரண்டு போஹெட்கள், ஒன்று அலாஸ்காவிலிருந்தும் மற்றது மேற்குக் கிரீன்லாந்திலிருந்தும் நீந்தி வந்து, கனடாத் தீவுகளின் ஊடே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் வடமேற்குக் கடல்வழியின் நடுவே ஒரே நீர்ப்பரப்பில் இருந்தன. அடைத்துக் கிடந்த வழி, அந்த வெயில் இல்லாமலே மறுபடி திறந்திருக்கிறது; பதற்றம் அதனால்தான்.

அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். இடமிருந்தால், அந்தப் படிக்கட்டுக் கரைகளின் படம் ஒன்றையும் சேர்த்து.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்