‘சூடோமோனாஸ்’ என்று எழுதி முடித்துவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலத்தில் ஆய்வகத்துக்கு வரும் ரத்தம், சீழ், சளி மாதிரிகளில் மெலியாய்டோசிஸ் என்னும் கடுமையான பாக்டீரியா நோயின் கிருமியும் இருக்கக்கூடும் என்பதை, நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் வலியுறுத்த விரும்புகிறேன். பர்கோல்டேரியா சூடோமல்லை என்னும் இக்கிருமி ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழ்வது. காலில் உள்ள சிறு காயம் வழியாகவோ மூச்சின் வழியாகவோ உள்ளே நுழைந்து, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளைக் கடுமையாகத் தாக்குவது. 1911இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற மருத்துவர்கள் கண்டறிந்த இந்நோய் இன்றும் நம்மிடையே அரியதாகக் கருதப்படுவதற்கு, நாம் அதை அடையாளம் காணத் தவறுவதும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

கிருமியை வளர்க்கப் பயன்படும் ரத்த அகார் தட்டில் முதல் நாள் இது சிறிய, வழவழப்பான புள்ளிகளாகத்தான் தெரியும். கிராம் நெகட்டிவ், ஆக்சிடேஸ் பாசிட்டிவ், லாக்டோஸை நொதிக்காதது என்று முதல் கட்டச் சோதனைகள் காட்டியதும், இதே குணங்கள் கொண்ட வேறொரு கிருமியின் பெயரால் ‘சூடோமோனாஸ் இனம்’ என்று அறிக்கை போய்விடுகிறது. சில சமயம் மாதிரியில் வெளியிலிருந்து கலந்த மாசு என்றே ஒதுக்கப்படுகிறது. அதே தட்டை மேலும் இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால் அப்புள்ளிகள் பெரும்பாலும் உலர்ந்து, சுருக்கம் விழுந்து காணப்படும். கிருமியை இனங்காணும் தானியங்கிக் கருவிகளும் இதைச் செபாசியா என்னும் உறவுக் கிருமி என்று தவறாகக் காட்டுவதுண்டு. ஆனால் ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குக் கட்டுப்படாத இத்தகைய கிருமி, அமாக்சிசிலின்–கிளாவுலனேட் என்னும் மருந்துக்குக் கட்டுப்படுமானால் மெலியாய்டோசிஸைச் சந்தேகித்தே ஆக வேண்டும். இதற்குத் தேவை இம்மருந்துகள் தோய்த்த மூன்று சிறு காகித வட்டுகள், அதாவது டிஸ்க்குகள், மட்டுமே. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும், ஏனெனில் அது ஊழியரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெயர் தவறினால் சிகிச்சையும் தவறும். இந்நோய்க்குச் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசியைக் குறைந்தது 10 நாளும், அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரையைச் சுமார் மூன்று மாதமும் தர வேண்டியிருக்க, காசநோய் என எண்ணி வேறு மருந்து தரப்படும் நோயாளிகளும் உண்டு.

ஆகவே, அரசு மாவட்ட மருத்துவமனை ஆய்வகங்களில் இந்த மூன்று டிஸ்க் சோதனையை வழக்கமாக்கவும், சந்தேகத்துக்குரிய கிருமிகளை உறுதிசெய்ய மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களுக்கு அனுப்பவும் மக்கள் நல்வாழ்வுத் துறை ஆவன செய்ய வேண்டும். மருத்துவர்களும் மாதிரியுடன் அனுப்பும் படிவத்தில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதாமல், நோயாளிக்குச் சர்க்கரை உண்டா, அவர் வயல் வேலை செய்பவரா என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக ஊழியர் ஒருவர்,
தஞ்சாவூர்.