ஆசிட் ஜாஸ்: யாழினிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள யாழினிக்கு,

உங்கள் குழுவின் சுவரொட்டியில் ‘ஆசிட் ஜாஸ்’ என்று, ஃபங்க் தாளத்தோடு கலந்து ஆடுவதற்கென்றே வாசிக்கும் ஜாஸின் பெயரைப் போட்டதில் உனக்கு மனவருத்தம் என்று அம்மா சொன்னாள். சாக்ஸபோனை முறையாகக் கற்றவள் நீ. அதெல்லாம் அசல் ஜாஸே இல்லை என்று கூடப் படிக்கிறவர்கள் பேசினால் உறுத்தத்தான் செய்யும். போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பெயர் பிறந்த லண்டனில்தான் நீ இருக்கிறாய். 1980களின் கடைசியில் அங்கே இளைஞர்களை ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை பிடித்து ஆட்டியது. ரோலண்ட் டிபி-303 என்ற, கீழ்ச்சுருதி (பேஸ்) ஒலி எழுப்பும் சின்ன மின்னணுக் கருவியின் திருகுகளைத் திருகி, சிகாகோக்காரர்கள் வரவழைத்த நெளியும் ஒலிதான் அதன் உயிர். அப்போது மேற்கு லண்டனில் பிரென்ட்ஃபோர்டில் ஒரு நிகழ்ச்சி. ஆசிட் ஹவுஸ் போட்டு முடித்ததும், அடுத்து கில்ஸ் பீட்டர்சன், கிறிஸ் பேங்ஸ் என்ற டிஜேக்கள் இசைத்தட்டு போட வேண்டிய முறை. தாளமே முன்னால் நிற்கும் அமெரிக்க ஃபங்க் இசையில் பழைய தட்டு ஒன்றைப் போட்டு, அதன் வேகத்தை ஏற்றி இறக்கி, அது ஆசிட் ஹவுஸ் என்றால் இது ஆசிட் ஜாஸ் என்று அந்த நேரத்தில் வாயில் வந்ததை அறிவித்தார்களாம். இதைப் பீட்டர்சனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த டிபி-303 கருவிக்கும் இந்த இசைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறகு எடி பில்லரும் பீட்டர்சனும் சேர்ந்து தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்துக்கு அதே பெயரை வைத்தார்கள். பெயர் நின்றுவிட்டது.

ஆனால் ஆட்டம் அதற்கும் முந்தையது. 80களின் தொடக்கத்திலேயே லண்டனின் கேம்டனில் எலெக்ட்ரிக் பால்ரூம் என்ற அரங்கில் பால் மர்ஃபி என்ற டிஜே ஜாஸ் தட்டுகளைப் போட, இளைஞர்கள் அதற்குக் கால் பறக்க ஆடினார்கள். பின்னர் டிங்வால்ஸ் என்ற கிளப்பில் ஞாயிறு பிற்பகல்களில் பீட்டர்சனும் பேட்ரிக் ஃபோர்ஜும் அதைத் தொடர்ந்தார்கள். உட்கார்ந்து தலையாட்டிக் கேட்பதாகிவிட்ட ஓர் இசையை அந்தப் பிள்ளைகள் மறுபடி எழுந்து ஆட வைத்தார்கள். இதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்கவே முடியவில்லை.

அவர்கள் தேடி எடுத்த பழைய தட்டுகளில் டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்டுடையவையும் உண்டு. 50களில் ஜாஸ் டிரம்ஸ் மேதை ஆர்ட் பிளேக்கியோடு வாசித்தவர், பிறகு பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கற்பித்தவர். அவருக்கா இலக்கணம் தெரியாது? அவர் 1973இல் ‘பிளாக் பேர்ட்’ என்ற ஃபங்க் இசைத்தட்டைக் கொண்டுவந்தபோது, காசுக்காக ஜாஸை விற்றுவிட்டார் என்று விமர்சகர்கள் சாடினார்கள். அதுவோ புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் அதுவரை வந்தவற்றையெல்லாம் விஞ்சி விற்றது. இன்று உன் காதில் விழும் அதே பேச்சை அவர் எப்போதோ கேட்டாயிற்று, கண்ணு. பேச்சுக்காக அவர் டிரம்பெட்டைக் கீழே வைக்கவில்லை.

உன் பக்கமும் நியாயம் உண்டு. பிராண்ட் நியூ ஹெவீஸ், இன்காக்னிட்டோ போன்ற குழுக்கள் கூடி உட்கார்ந்து கருவிகளை வாசித்து நல்ல பாடல்கள் தந்தார்கள். ஜாமிரோக்வாய் குழுவின் முதல் சிங்கிளும் (தனிப் பாடல் தட்டு) 1992இல் ஆசிட் ஜாஸ் நிறுவனத்தில்தான் வந்தது. அதற்குப் பிறகு, ‘வா-வா’ என்று ஒலியை நெளிக்கும் கிட்டாரும் எலெக்ட்ரிக் பியானோவும் கேட்டாலே போதும், அந்தப் பெயரை ஒட்டி விற்றார்கள். கேட்கவே வேண்டாத பின்னணி இசையாகப் பலது போயிற்று. பெயரைத் தந்த பீட்டர்சனோ அதற்கு முன்பே, 1990இல் பிரிந்து போய் டாக்கின் லவுட் என்று வேறு நிறுவனம் தொடங்கிவிட்டார்.

அதனால் பெயரை மாற்றச் சொல்லி உன் குழுவினரோடு மல்லுக்கு நிற்காதே. பேர்டின் அந்தத் தட்டைக் கேள். டிரம்ஸும் பேஸும் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க, டிரம்பெட் எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்று கவனி. நீ தனியாவர்த்தனத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஓடுகிறாய் என்பது என் எண்ணம். இந்த இசையில் ஓட்டத்தைவிட இடைவெளிக்கு வேலை அதிகம். அடுத்த நிகழ்ச்சியின் பதிவை முழுதாக அனுப்பு, கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா