வர்க்கலா இருக்கட்டும், மக்களே

மக்களே,

உன் செய்தியைப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு நாலு பேராக வருகிறோம், நம்ம குமரி மாவட்டத்தில் ட்ரெக்கிங் போகிற மாதிரி ஏதாவது இருக்கா, இல்லையென்றால் ரெண்டே நாளில் கேரளத்து வர்க்கலாக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம் என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வர்க்கலாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் இருபத்தாறு வருஷம் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதலில் முட்டம் பக்கமும் அப்புறம் மணக்குடி பக்கமும் கடற்புரம் முழுக்க நடந்தவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறாயே என்று சிரிப்பு வந்துவிட்டது. வேலை என்பதால் அது நடை என்று யாருக்கும் தோன்றவில்லை போல. எனக்கும்தான்.

மூணு நாள் நடைக்கு வழி சொல்கிறேன். மூணு நாளைக்கும் கார் பேசாதே. போன தடவை வந்த உன் சித்தி குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் ஒரே நாளில் ஒன்பது இடம் காட்டினார். அவர்கள் பார்த்தது ஒன்பது பார்க்கிங். கன்னியாகுமரியில் டிசம்பர் மாதம் சபரிமலை போகிற சாமிமார் கூட்டம் வேறு. விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே போட்ட கண்ணாடிப் பாலத்தில் நடக்க வேண்டுமானால் காலையிலேயே படகு வரிசையில் நில்லுங்கள். அதை நான் நடை என்று கணக்கில் சேர்க்கமாட்டேன்.

முதல் நாள் முட்டம். வெயில் ஏறுவதற்கு முன்னால், காலை ஆறரைக்கெல்லாம் அங்கே இறங்கிவிட வேண்டும். 1875-ல் ஏற்றிய கலங்கரை விளக்கம் மேட்டில் நிற்கும். அதை வலம் வந்து, கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு மேற்கே கடியபட்டணம் நோக்கி நடங்கள். பாதை என்று பலகையெல்லாம் இருக்காது. மேலே தேரி என்கிற செம்மண் மேடு, மழைத்தண்ணீர் அறுத்து அறுத்து ஆளுயரப் பள்ளங்களாகப் போட்டிருக்கும். கீழே யானை படுத்த மாதிரி பாறைகள். மழை பெய்த மறுநாள் அந்த விளிம்பில் கால் வைக்காதீர்கள், மண் பொலபொலவென்று உதிரும். தேரியை விட்டு இறங்கி வீடுகளுக்கு நடுவே புகுந்து போனால் வள்ளியாறு கடலில் சேருகிற இடம் வரும். அங்கே போய் உட்காருங்கள்.

அந்த வழியில் நீ ஏற்கெனவே நடந்திருக்கிறாய். உனக்கு நினைவிருக்காது, ஏழு வயது. போலியோ சொட்டு மருந்து போடுகிற ஞாயிற்றுக்கிழமை. அப்பா வெளியூர், உன்னை விட்டுப்போக ஆளில்லை. பாதி வழியில் உன் செருப்பு வார் அறுந்துவிட்டது. மணல் சுடுகிறது என்று நீ போட்ட சத்தத்தில், நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, தன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி உன் முன்னால் போட்டாள். தோணி மாதிரி இருந்த அந்தச் செருப்புக்குள் காலை விட்டுக்கொண்டு நீ டப் டப் என்று எனக்கு முன்னால் போனாய். அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "பிள்ளை வரலியா?" என்றுதான் முதலில் கேட்டாள். செருப்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு பொதி நெத்திலிக் கருவாடு கட்டித் தந்தாள். அவள் இப்போது இல்லை. வீடு அங்கேதான் இருக்கிறது.

ஆற்றைத் தாண்டினால் மணவாளக்குறிச்சிப் பக்கம் மணலின் நிறமே மாறிவிடும். ஒரு பிடி அள்ளிப் பார். சில இடத்தில் இரும்புத் தூள் மாதிரி கறுப்பு, சில இடத்தில் குங்குமம் கலந்த மாதிரி சிவப்பு. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இதோடு மோனசைட் என்று ஒன்றும் உண்டு. இந்தக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அது இங்கே இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலுள்ள தோரியம் அந்தக் காலத்தில் கேஸ் விளக்கு மேண்டில் செய்யத் தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் மணல் ஆலை. மருமகனுக்கு இந்த மாதிரி சங்கதி பிடிக்கும், சொல்லு.

ரெண்டாம் நாள் மணக்குடி. கீழமணக்குடியில் இறங்கிப் பாலத்தை நடந்தே கடங்கள். பழையாறு கடலோடு சேருகிற இடம் அது. 2004 டிசம்பர் 26 அன்று பழைய பாலத்தைக் கடல் பெயர்த்துக்கொண்டு போனது. கான்கிரீட் துண்டுகளை ஆற்றுக்குள்ளே தூக்கிப் போட்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் கொஞ்ச காலம் வள்ளத்தில்தான் அக்கரை போவேன், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று என் பதிவேட்டில் இருந்தது. அந்த ஜனவரி மாதம் அதைத் திறக்கவே கை வரவில்லை. இதை உன்னிடம் சொன்னதில்லை. இப்போதும் இவ்வளவு போதும். புதுப் பாலத்துக்கு லூர்தம்மாள் சைமன் பெயரை வைத்திருக்கிறார்கள். காமராஜர் மந்திரிசபையில் மீன்வளத்தைப் பார்த்த நம்ம குளச்சல் அம்மா.

பாலம் தாண்டி மேலமணக்குடி வழியாகச் சொத்தவிளைக் கடற்கரைக்கு வந்து, முடிந்தால் சங்குத்துறை வரைக்கும் மணலிலேயே நடங்கள். முடியவில்லையென்றால் பக்கத்திலேயே ரோடு இருக்கிறது, ஏறிக்கொள்ளலாம். அலை நனைத்துவிட்டுப் போன கெட்டி மணலில் நடந்தால் கால் வலிக்காது. கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிறவர்களைப் பார்த்தால் படம் எடுப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள். ரெண்டு கை கூடப் பிடித்து இழுத்துக்கொடுத்தாலும் சந்தோஷப்படுவார்கள்.

குளிக்க மட்டும் இறங்கவே கூடாது. 2024 மே மாதம் கணபதிபுரத்துப் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகள் அலையில் சிக்கி இறந்துபோனது உனக்குத் தெரியும். அன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள் கணக்கில் பயணப்பட்டு வந்து திடீரென்று கரையேறும். திருடன் மாதிரி வருகிறது என்றுதான் அந்தப் பெயர். அது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்து விவகாரம்தான். ஆனாலும் டிசம்பரிலும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம்.

மூணாம் நாள் மருந்துவாழ்மலை. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகையில் உடைந்து விழுந்த துண்டு என்று பாட்டி சொல்வாளே, அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை கடலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்ட கடைசி இடம். பொற்றையடியில் இறங்கி, விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். கொஞ்ச தூரம் படி, அப்புறம் கல்லும் பாறையும்தான். வழியில் நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை வரும், குனிந்துதான் உள்ளே போக முடியும். உச்சியில் அனுமார் கோயில். அங்கே நின்றால் தெற்கே கடல், காலடியில் வயலும் குளமும் தென்னந்தோப்பும், வடக்கே வரிசையாகக் காற்றாடிகள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும், தொப்பி நிற்காது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கிக் கால் பிசகியது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். குழுப் பெண்களோடு இந்த மலை ஏறிவிட்டு உச்சி வெயிலில் இறங்கினேன். காய்ந்த புல்லில் கால் வைத்ததும் சறுக்கிவிட்டது. தண்ணீரும் தீர்ந்து போயிருந்தது. ரெண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆனால் இறங்கும்போதுதான் ஆள் விழும் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்பது மணிக்கெல்லாம் அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். நான் கீழே டீக்கடையில் இருப்பேன். என்னைக் கட்டாயப்படுத்தி மேலே கூப்பிடாதே, கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

அன்றைக்கே சாயந்திரம் காலில் தெம்பிருந்தால் வட்டக்கோட்டை போகலாம். கடலுக்குள் மூக்கை நீட்டிய கருங்கல் கோட்டை. 1741-ல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாயைத் தன் படைக்கே தலைவனாக்கிக்கொண்டார் மார்த்தாண்டவர்மா. கோட்டையைக் கட்டியது அந்த டிலனாய்தான். மதில் மேல் ஒரு சுற்று, அவ்வளவே. சிதறால் மலைச் சமணக் கோயிலுக்கு, கொல்லாமரங்களுக்கு, அதாவது முந்திரி மரங்களுக்கு, நடுவே கல் பாவிய அருமையான பாதை உண்டு. ஆனால் அது மார்த்தாண்டம் பக்கம், இந்தத் தடவை வேண்டாம்.

அக்கானி, அதுதான் பதநீர், இப்போது கிடைக்காது, சீசன் இல்லை. தோட்டத்தில் மட்டி வாழைக் குலை ஒன்று விளைந்து நிற்கிறது, நீங்கள் வருகிற கணக்குக்கு வெட்டித் தொங்கவிடுகிறேன். கூட வருகிற ரெண்டு பேரில் யாராவது சைவமா என்று உடனே எழுது. மீனுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அம்மா