வாசிப்புத் தாள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த வாரம் 2 முதல் 5 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு மஞ்சள் தாள் கொடுத்து அனுப்புகிறோம். தலைப்பில் 52, 6, 46 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். பிள்ளை ஒரு நிமிடத்தில் 52 சொல் வாசித்தது, 6 தப்பு, சரியாக வந்தது 46 என்று அர்த்தம். இது மார்க் கிடையாது, ரேங்க் போடுவதாகவும் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் தாளோடு வைத்துப் பார்க்கும் முன், அடியில் ஆசிரியர் எழுதியிருக்கும் தப்புச் சொற்களை ஒருமுறை வாசித்துவிடுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பிள்ளையைத் தனியாக வராந்தாவில் உட்காரவைத்து, இதுவரை பார்த்திராத பத்தி ஒன்றைக் கொடுக்கிறோம். பாடப்புத்தகத்திலிருந்து எடுப்பதில்லை. நிறையப் பிள்ளைகளுக்குப் பாடம் மனப்பாடம். விரல் ஒரு சொல்லில் நிற்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். வீட்டில் சந்தேகம் வந்தால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள், குட்டு உடைந்துவிடும். ஒரு சொல்லில் மூன்று விநாடிக்கு மேல் திணறினால் நாங்களே சொல்லிக்கொடுத்துத் தப்பாகக் குறிப்போம். தானே திருத்திக்கொண்டால் தப்பில்லை.

நம் பக்கத்து நாக்கில் வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். அப்படி வாசிக்கிற பிள்ளைக்குத் தப்புப் போடுவதில்லை. எழுத்து தெரிந்திருக்கிறது, நாக்குத்தான் பழகவில்லை. ழகரப் பயிற்சி தனியாக நடக்கும். ஆனால் 'மழை'யை 'மலை' என்று வாசித்துவிட்டு நிற்காமல் போனால் தப்புதான். அம்பாசமுத்திரத்துப் பக்கம் இரண்டும் உண்டு என்பதால் பிள்ளைக்குச் சந்தேகமே வருவதில்லை!

"247 எழுத்தும் தெரியுமே, பிறகு ஏன் வாசிக்க மாட்டேங்குது?" என்று கேட்கிறீர்கள். அட்டையில் வரிசையாகச் சொல்வது வேறு, சொல்லுக்குள் பிடிப்பது வேறு. அதிகம் சறுக்குவது கொம்பில். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று கவனிக்காமல் 'பெட்டி' 'பேட்டி' ஆகிவிடும். கொம்பைப் பார்த்துவிட்டு, பின்னால் இருக்கும் துணைக்காலை விட்டால் 'கொடி' 'கெடி' ஆகும். அடுத்தது உகரம். கு, சு, து, பு, மு, ரு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே குறி கிடையாது, ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். தாளில் இவை வந்திருந்தால் அந்த எழுத்து வருகிற பத்துச் சொற்களைச் சிலேட்டில் கலைத்து எழுதிக் கொடுங்கள். தாத்தா ஆச்சிமார் எழுதிக் கொடுத்தால் மட்டும் ஒரு கண் வையுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை போட்ட 'லை'யும் 'னை'யும் வந்தால் பிள்ளை முழிக்கும்.

மூன்றாவது, நீளச் சொல். 'வயலிலிருந்து' என்பதில் 'வயலி' என்று நிறுத்தி, 'லிருந்து' என்பதைப் புதுச் சொல் மாதிரி தொடங்கும். வயல், வயலில், வயலிலிருந்து என்று படிப்படியாக நீட்டிக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். 2021இல் வந்த மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் 2ஆம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், 3ஆம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொல் என்று அளவு வைத்திருக்கிறது. 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பது தமிழில் ஒரே சொல். அதனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு 'வெரசா, வெரசா' என்று விரட்ட வேண்டாம். நான் முதலில் பார்ப்பது 100 சொல்லில் எத்தனை சரி என்பதை. 95க்கு மேல் என்றால் அந்தப் புத்தகத்தைத் தனியாக வாசிக்கலாம். 90க்குக் கீழ் என்றால் புத்தகம் கனம், ஒரு படி இறக்க வேண்டும். மேலே சொன்ன 52க்கு 46 என்பது 100க்கு 88தான்.

வாசித்து முடித்ததும் மூன்று கேள்வி கேட்போம். 'கோழி 21 நாள் அடைகாத்தது. முட்டைகள் பொரிந்தன. ஒன்று மட்டும் பொரியவில்லை. கோழி இறங்கவில்லை.' எத்தனை நாள் என்பதற்கு எல்லாரும் பதில் சொல்வார்கள். கோழி ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், பத்தியைத் தடதடவென்று வாசித்த பிள்ளையும் சில நேரம் வாயடைத்து நிற்கும். அப்படியானால் தாளில் 'பொருள்' என்ற இடத்தில் வட்டம் போட்டிருப்போம்.

அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் 2022இல் தொடங்கிய தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் உள்ளவை. பிள்ளை எந்த நிலை என்பது பயிற்சி கொடுப்பதற்குத்தான்; முன்னேற முன்னேற மாறும்.

வீட்டில் தினமும் 15 நிமிடம் போதும். ஒரே பக்கத்தை மூன்று நாள் வாசிக்கட்டும்: முதல் நாள் நீங்கள் வாசிக்க அது விரல் வைத்துப் பின்தொடரட்டும், மறுநாள் சேர்ந்து, மூன்றாம் நாள் தனியாக. தடுக்கினால் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுச் சொல்லிக்கொடுங்கள். 'முதல்ல இருந்து வாசி' என்றால் வெறுத்துவிடும், பைய வாசிக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாமார் ஒதுங்க வேண்டாம். பீடித் தட்டு மடியில் இருக்கும்போதே காது கொடுத்துக் கேட்டு, "பிறகு என்னாச்சு? ஏன் அப்படி?" என்று கேட்டால் போதும். கதை உங்களுக்கு விளங்கவில்லை என்றால் பிள்ளை சரியாக வாசிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் எங்களிடம் சொல்லுங்கள், முதலில் கண்ணைப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 3.30 முதல் 4.30 வரை வகுப்பாசிரியர்கள் இருப்பார்கள். தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொண்டுவாருங்கள். அன்று வர முடியாதவர்கள் திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன் என்னைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்