ஓடாதம்மான்னு சொன்ன அந்த அக்காவுக்கு
நேத்து காலைல எக்ஸாமுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு, அதுக்குள்ள எங்க நாய ஒரு ரவுண்டு கூட்டிட்டு போய்ட்டு வந்துடலாம்னு பாத்தா, எதிர்ல பைக்கப் பாத்ததும் குலைச்சு பின்னாடி இழுத்து கழுத்துப்பட்டைய உருவிட்டு ஓடிட்டான். நான் கத்திட்டே துரத்துறேன், அவனுக்கு அது விளையாட்டு, இன்னும் வேகமா ஓடுறான். அப்பதான் நீங்க "ஓடாதம்மா, நில்லு"ன்னீங்க. அவன் கண்ணப் பாக்காம பக்கவாட்டுல திரும்பி உக்காந்து, பிஸ்கட்ட உடைச்சு தரையில போட்டீங்க. சொந்தக்காரங்களையே கிட்ட விடாத பய மோந்துக்கிட்டே வந்துட்டான்! (நான் கூப்ட்டா ஒரு நாளும் இப்படி வந்ததில்ல, அது வேற கதை.) பட்டைக்குள்ள ரெண்டு விரல் போற அளவுதான் லூஸ் இருக்கணும்னு இறுக்கிக் குடுத்தீங்க, உங்க பேரு கூட கேக்கல. ட்ரெஸ் முழுக்க நாய் முடியோட கடைசி நிமிஷத்துல ஹாலுக்குள்ள போய்ட்டேன். ரொம்ப நன்றிக்கா.