கர்ப்பிணிச் செவிலியருக்குப் பகுதிநேரப் பணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒன்பது ஆண்டுகள் தனியார் மருத்துவமனைகளில் பணிபுரிந்த செவிலியர். கணவருக்குப் பணியிட மாற்றம் வந்ததால் சேலத்திலிருந்து திருச்சிக்குக் குடிவந்தோம். இப்போது எனக்கு ஏழாவது மாதம். இரவுப் பணியும் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் வேலையும் இல்லாமல், பகலில் நான்கைந்து மணி நேரம் பார்க்கக்கூடிய பணி கிடைக்குமா என்று ஆறு வாரங்களாகத் தேடி வருகிறேன்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். வார்டுக்குள் வளையல் கூடாது என்பதால், வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டே புறப்பட்டேன். பிரசவம் வரை கழற்றக் கூடாதென்று மாமியார் வருத்தப்பட்டார். அறைக்குள் நுழைந்ததும் கண்காணிப்பாளரின் பார்வை என் வயிற்றில்தான் விழுந்தது. நான் நீட்டிய சான்றிதழ் கோப்பு நாடா அவிழாமல் மேசை மேல் கிடந்தது. “பிள்ளை பெத்து, ஆறு மாசம் கழிச்சு வாம்மா” என்று அன்பாகவே சொல்லி அனுப்பினார். தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை ஆண்டு அனுபவம் என்றுகூட அவர் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மகப்பேறு விடுப்புச் செலவை எண்ணி நிர்வாகங்கள் தயங்குவதாகப் பலரும் சொல்கிறார்கள். மகப்பேறு நலச் சட்டத்துக்கு வந்த 2017ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த 26 வார ஊதிய விடுப்பைப் பெற, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அதே நிறுவனத்தில் 80 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். ஏழாம் மாத முடிவில் சேர்ந்து ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் நின்றுவிடும் ஒருவருக்கு அந்தச் செலவு எழவே எழாது. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கு முன்னான ஒரு மாதத்தில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், நீண்ட நேரம் நின்று செய்யும் வேலையைத் தரக் கூடாது என்பதும் 1961 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு. வேலை கேட்டு வாசலில் நிற்பவருக்கு அந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் பணிக்குத் தேர்வானவரிடம் வாங்கிய உறுதிமொழிப் படிவத்தில் மாதவிடாய், கருத்தரிப்பு பற்றிக் கேட்டிருந்த கேள்விகளை நீக்குவதே நல்லது என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே நீரா மாத்தூர் வழக்கில் கூறியது. இன்று அப்படிக் கேட்க வேண்டிய தேவைகூட இல்லை. வயிற்றைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள்.

எக்ஸ்ரே அறை, புற்றுநோய் மருந்து கலக்கும் இடம், தொற்றுநோய் வார்டு ஆகியவற்றில் கர்ப்பிணியை நிறுத்தக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் உட்கார்ந்து செய்யும் செவிலியர் பணி எந்த மருத்துவமனையில் இல்லை? காப்பீட்டு முன்அனுமதிக்கு விவரம் தொகுப்பது, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைத் தொலைபேசியில் அழைத்துக் காய்ச்சலோ தையலில் சீழோ இருக்கிறதா என விசாரிப்பது, புதிய செவிலியருக்குப் பயிற்சி தருவது என்று எவ்வளவோ இருக்கின்றன. முதன்முறையாக இன்சுலின் பேனாவைக் கையில் வாங்கும் முதியவருக்கு, ஊசியைக் குத்தி, பொத்தானை முழுதும் அழுத்தியபின் பத்து எண்ணும்வரை வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லி, அவரையே ஒருமுறை செய்யவைத்துப் பார்க்க அரைமணி நேரமாவது வேண்டும். இப்போது அதை, டிஸ்சார்ஜ் அவசரத்தில், பத்துப் படுக்கைகளைக் கவனிக்கும் சிஸ்டர் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிறார். பிறகு சர்க்கரை கட்டுக்குள் வராமல் அந்த முதியவர் திரும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனைகள் இத்தகைய வேலைகளைத் தனியே பிரித்து, பகுதிநேரப் பணியாக, நேரத்தையும் ஊதியத்தையும் குறிப்பிட்டு விளம்பரம் செய்ய வேண்டும். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தனியார் நிறுவனங்களுக்கும் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும். தொழிலாளர் நலத்துறை இதைக் கவனத்தில் கொள்ளுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
திருச்சிராப்பள்ளி.