தொப்பூர் மாதிரி ஒரு இறக்கம்

கால்கரி, கனடா
அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. மேசை மேல் கண்ணில் படுகிற மாதிரிதான் வைத்திருந்தேன், படும்போதெல்லாம் நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டேன், திட்டாதீர்கள். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை, மீதியை அம்மா பிடுங்கிக்கொள்கிறாள்.

அவ்வளவு பெரிய வண்டி உனக்கு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். சபர்பன், 2015 மாடல், பழசுதான். எட்டுப் பேர் உட்காரலாம், உட்காருவது நான் ஒருத்தன். கம்பெனியில் இப்போது வேலை கொஞ்சம் குறைவு. அதனால் லீவு நாளில் பொழுது போகட்டும் என்று மற்றவர்களுடைய கேம்பர் டிரெய்லரை (கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற சக்கரம் வைத்த வீடு) இழுத்துக்கொண்டு போய்ச் சொன்ன இடத்தில் விட்டுவிட்டு வருகிறேன். லாரி ஓட்டக் கூடாது என்றுதானே படிக்க வைத்தீர்கள், சிரிக்காதீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை கோல்டன் ஊருக்கு ஒரு டிரெய்லர், 2,500 கிலோ இருக்கும். வழியில் கிக்கிங் ஹார்ஸ் கணவாய். 1858இல் ஒரு டாக்டரை அவர் குதிரையே உதைத்துத் தள்ளியதால் வந்த பேராம். அந்த இறக்கத்தில் பாதி தூரம் வந்ததும் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. அப்புறம் அந்த வாடை. கருகின பிரேக் லைனர் வாடை எந்த நாட்டிலும் ஒன்றுதான் போல. இரண்டாவது கியருக்குத் தட்டி, எப்படியோ ஓரங்கட்டிவிட்டேன். நீங்கள் தொப்பூர் கணவாய் இறங்கினதும் செய்வீர்களே, அதே மாதிரி ஒவ்வொரு சக்கரமாகப் போய்க் சக்கரத்தைத் தொடாமல் கையை ஒரு விரற்கடை தள்ளி வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் வலது கொதிக்கிறது, இடது அந்த அளவுக்கு இல்லை. டிரெய்லர் சக்கரம் நாலும் சில்லென்று இருந்தன.

இங்கே ஒரு கடையில் காட்டினேன். ஆறு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிறது), சக்கரத்தோடு சுற்றுகிற தட்டு மாதிரி பெரிய டிஸ்க், அது உள்ளே அடங்கப் பெரிய வீல், டயர், எல்லாம் சேர்த்து ஒரு கிட், ஐயாயிரம் டாலர் என்றான். ஓட்டை போட்ட டிஸ்க்கும் காட்டினான். பார்க்க அழகாக, முறுக்கு அச்சு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். உக்ரைன் வழி வந்தவர், முப்பது வருடம் லாரி ஓட்டினவர், மைனஸ் இருபதிலும் அரை டவுசரோடு நின்று பனி தள்ளுகிற ஆள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேனே, அவர்தான். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "டிரெய்லர் சக்கரம் ஏன் சில்லென்று இருந்தது?"

எனக்கு அது உறைக்கவே இல்லை பாருங்கள். டிரெய்லருக்குத் தனியாகக் கரண்ட் பிரேக் உண்டு, டிரம்முக்குள் காந்தம் இழுத்துப் பிடிக்கும். நீல ஒயரில்தான் அதற்குக் கரண்ட் போகிறது. குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள் இல்லையா, அது தின்று ஒயர் முனை பச்சை பிடித்துப் போயிருந்தது. ஆக 2,500 கிலோவையும் என் வண்டியின் பிரேக்கே தாங்கியிருக்கிறது. வலது காலிப்பரில் அது நகர்கிற ஸ்லைடு பின் வேறு துருப்பிடித்து இறுகி, பேட் (டிஸ்க் பிரேக்குக்கு அதுதான் லைனர்) டிஸ்க்கை விடாமல் உரசியபடி. அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி வந்ததுதான் பெடல் மெத்தென்று போனதற்குக் காரணம். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை தாங்கும், வருடக்கணக்கில் ஈரம் குடித்துவிட்டால் 140இலேயே கொதித்துவிடுமாம்.

அதனால் கிட் வாங்கவில்லை. காசு இல்லாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள், தேவையில்லை, அவ்வளவுதான். ஓட்டை போட்டதும் வேண்டாம், இப்படிச் சூடேறினால் ஓட்டை ஓரத்தில்தான் முதலில் விரிசல் விடும் என்றார் தாத்தா. சாதா டிஸ்க், உலோகத்தூள் கலந்த பேட் (செராமிக் பேடில் கரி குறைவு, சத்தமும் குறைவு, ஆனால் பாரம் இழுக்க இதுதான் தாங்குமாம்), டாட் 4 ஆயில், ஸ்லைடு பின்னுக்குப் புது கிரீஸ். ஒயரையும் மாற்றியாயிற்று. நானூறு டாலருக்குள் முடிந்தது. கூலியாக அவர் கேட்டது அம்மா அனுப்பின இட்லிப் பொடி! பெரோகி என்று ஒன்று செய்வார், நம் கொழுக்கட்டைதான், உள்ளே உருளைக்கிழங்கு. அதற்குத் தொட்டுக்கொள்கிறார்.

பிரேக் ஆயில் குழாயில் இருக்கிற காற்றை எடுக்க என்னை வண்டிக்குள்ளே உட்காரவைத்து, அவர் கீழே படுத்துக்கொண்டு, மிதி, பிடி, விடு என்று அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மிதித்தேன். லாரி வாங்குவதற்கு முன்னால் நம்மிடம் மட்டடோர் வேன் இருந்ததே, வேப்பமரத்தடியில் நிறுத்தி நீங்கள் இதையேதான் சொல்வீர்கள், எனக்குக் கால் எட்டாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மிதிப்பேன், அம்மா சோறு ஆறிப்போச்சு என்று உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருப்பாள். தாத்தா விடு என்று இரண்டு மூன்று தடவை சொல்லியும் நான் காலை எடுக்கவில்லை. எழுந்து வந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கீழே படுத்துக்கொண்டார்.

சரி, சீர் விஷயம். பாப்பாவுக்குத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். நான் வருவது சந்தேகம், வேலை நெருக்கடி, லீவு கிடைக்காது. தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று மச்சான் வீட்டில் கேட்பார்கள்தான், தம்பியையே மாலையோடு நிற்கச் சொல்லுங்கள், அவனும் தாய்மாமன்தானே. இரண்டு பவுன் செயின் என் பேரில் சொல்லிவைத்துவிடுங்கள். இந்த மாதம் முன்பணம் அனுப்புகிறேன், மீதி மார்கழிக்குள் வந்துவிடும். அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், நான் சொன்னால் அழுவாள்.

லாரியை இப்போது விற்க வேண்டாம். எஃப்சிக்கு விடுவதற்கு முன்னால் நாலு சக்கர லைனரையும் தம்பியை மாற்றச் சொல்லுங்கள், பின்பக்கம் மட்டும் மாற்றி ஒப்பேற்றப் போகிறான். டீசல் மிச்சம் என்று தொப்பூரில் நியூட்ரலில் இறக்குகிறானாம், மாமா போனில் சொன்னார். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், ஆனால் கேட்டுவையுங்கள்.

அன்புடன்,
குமார்

இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புங்கள், இந்தத் தடவை இரண்டு டப்பா.